மல்லிகாவுக்கு: கண்ணாடியில் அனிமே முகம்

தஞ்சாவூர்,
ஐப்பசி மழை

அன்புள்ள மல்லிகா,

கடிதமும் மூன்று போட்டோவும் வந்தன. அங்கே மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான், கொடியில் போட்ட துணி காய இரண்டு நாள் ஆகிறது. யாழினி கண்ணாடியில் வரைந்த அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) முகத்தில் கன்னம் உரிந்ததையும் கறுப்புக் கோடு கலைந்ததையும் எழுதியிருந்தாய். உரிந்ததற்கு இந்த மழைக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மூன்றாவது போட்டோ. முகம், கூந்தல் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது, கண்ணில் மட்டும் ஒளி மின்னுவதைக் காட்டும் அந்த வெள்ளைப் பொட்டு இல்லை. "வச்சேன் அத்தை, காணோம்" என்கிறாளாம். வைத்திருக்கிறாள், ஆனால் கடைசியில் வைத்திருக்கிறாள். கண்ணாடியைத் திருப்பிப் பார், பின்பக்கம் பத்திரமாக இருக்கும். காகிதத்தில் கடைசியாக வைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். கண்ணாடியில் பின்னால் வரைந்து முன்னால் இருந்து பார்க்கிறோம், அதனால் முதலில் வைத்ததுதான் முன்னே நிற்கும். நம் ஊர்க் கண்ணாடிப் படக்காரர்கள் கோட்டையும் நகையையும் முதலில் போட்டு, உடம்பு நிறத்தை அடுத்துப் பூசி, திரைச்சீலையையும் பின்னணியையும் கடைசிக்கு வைப்பது இதனால்தான். 18-ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தோடு இந்தியாவுக்கு வந்த முறை அது. ஜப்பானுக்கும் நாகசாகித் துறைமுகம் வழியாகப் போனது. அங்கே அதற்கு 'பீடோரோ எ' என்று பெயர், பீடோரோ என்பது கண்ணாடியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லில் இருந்து வந்தது.

அனிமேயே பல பத்தாண்டுகள் இப்படித்தான் உருவானது. செல் என்கிற ஒளி ஊடுருவும் தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். பிரஷ் தடம் எல்லாம் பின்னால் போய்விடும், முன்னால் வழவழவென்று ஒரே பரப்பு. ஜப்பானில் 2013 வரைகூட ஒரு தொலைக்காட்சித் தொடர் செல்லில் வந்துகொண்டிருந்தது. ஆகவே இந்தப் பாணிக்குக் கண்ணாடி நன்றாகவே ஒத்துவரும், வரிசை மட்டும் மனதில் பதிய வேண்டும்.

மாதிரிப் படத்தை இடவலம் மாற்றி அச்செடுக்கச் சொல். கண்ணாடிக்கு அடியில் அதை ஒட்டி, மேலே வரைந்து, முடிந்ததும் திருப்பினால் இடது வலதாகிவிடும். முகத்துக்கு மட்டும் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கிமோனோ என்கிற ஜப்பானிய உடை போட்ட பாத்திரம் என்றால் விபரீதம்: உயிரோடு இருப்பவர்களுக்கு உடையின் இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. சாமுராய் என்றால் வாள் இடது இடுப்பில் இருக்க வேண்டும். ஜப்பானிய எழுத்து ஏதாவது இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கண்ணாடி 2 மி.மீ. அல்லது 3 மி.மீ. போதும், போட்டோ ஃபிரேம் கடையிலேயே ஏ4 அளவுக்கு வெட்டித் தருவார்கள். ஓரத்தை உரசித் தரச் சொல், இல்லாவிட்டால் விரல் கிழியும். கனம் கூடக்கூட அடியில் இருக்கும் படம் கண்ணுக்கு நகரும். தலையை ஒரு பக்கம் சாய்த்தால் கோடு ஒரு மி.மீ. தள்ளிப் போய்விடும், கண்ணிமையில் ஒரு மி.மீ. என்பது முகபாவத்தையே மாற்றிவிடும். வரையும் இடத்துக்கு நேர் மேலே தலையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடு போடட்டும்.

இனி உரிந்த கன்னம். காரணம் இரண்டு. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். தாமரை இலை மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை. காய்ந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை, 70 சதவீதமோ அதற்கு மேலோ, பஞ்சு உதிராத துணியில் தொட்டு ஒரு முறை துடைக்க வேண்டும். சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், துடைக்கத் துடைக்கப் படலம் விடும். பிறகு ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். கைக்கு அடியில் ஒரு காகிதம் போட்டுக்கொண்டு வரைவது நல்லது.

இரண்டாவது காரணம் அவசரம். அக்ரிலிக் என்பது தண்ணீர் கலந்த பசை வண்ணம். அதில் இருக்கும் தண்ணீர் காகிதத்தில் இரண்டு பக்கமும் போகும், கண்ணாடியில் மேல் பக்கம் மட்டும்தான் போக வழி. மேலே தோல் கட்டி, அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கண்ணாடியைப் பிடித்திருக்காது. வெயில் காலத்தில் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு மணி நேரம் விட்டால் போதும், இந்த மழையில் மூன்று மணி நேரமாவது வேண்டும். ஹேர் டிரையரைக் கிட்டே காட்டினால் தோல் இன்னும் சீக்கிரம் கட்டும், அவ்வளவுதான் நடக்கும். வண்ணத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவதும் கெடுதல்: பசை நீர்த்து, பிடிப்புப் போய்விடும். பத்துப் பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு தண்ணீர், அதற்கு மேல் இளக்க வேண்டுமானால் அக்ரிலிக் மீடியம் என்கிற நிறமில்லாப் பசை.

கலைந்த கறுப்புக் கோட்டுக்குக் காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. சாதா பெர்மனென்ட் மார்க்கரில் கோடு போட்டுவிட்டு, நடுவில் கைரேகையைத் துடைக்க ஸ்பிரிட் போட்டிருக்கிறீர்கள். அந்த மையே ஸ்பிரிட்டில் கரைத்ததுதான், கரையாமல் என்ன செய்யும்? வெளிச்சத்தில் நாளாக நாளாக நிறமும் மங்கும். ஆயில் பெயிண்ட் மார்க்கர் என்று கேட்டு, 0.7 மி.மீ. முனையில் வாங்கு. கோடு போட்டு ஒரு நாள் முழுக்க விட்டால், மேலே தண்ணீர் வண்ணம் என்ன போட்டாலும் அசையாது. கோடும் நிரப்பும் வண்ணமும் ஒரே திரவத்தில் கரையக் கூடாது என்பதுதான் கணக்கு. கைப்பழக்கம் இருந்தால் 000 நம்பர் லைனர் பிரஷ்ஷில் எனாமல் இன்னும் அழகு, தடித்து மெலியும் கோடு அதில்தான் வரும். கிளாஸ் பெயின்டிங் வகுப்பில் நாம் பிதுக்கிய அந்த கோன் லைனர் மட்டும் வேண்டவே வேண்டாம். மயிலுக்கும் பிள்ளையாருக்கும் அந்தப் புடைத்த கோடு சரி, அனிமே மூக்கு ஒரு சின்னக் கீற்று, அதில் போட்டால் மரு மாதிரி நிற்கும். கோடு பிசகினால் கவலையில்லை: அரை மணி நேரம் கழித்துப் புது பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் விளிம்பு கத்தரித்த மாதிரி வரும். காகிதத்தில் இந்த வசதி ஏது?

கண்ணுக்குத்தான் பொறுமை வேண்டும். வெள்ளைப் பொட்டுகள் முதலில்: மேலே பெரியது, எதிர் மூலையில் சின்னது. இரண்டு பூச்சு, நன்றாகக் காய வேண்டும், ஈரமாக இருக்கும்போது கறுப்பு பட்டால் சாம்பலாகி, முன்னால் நிரந்தரமாகத் தெரியும். பிறகு மேல் இமையின் தடித்த கோடு, பாவை (கருவிழி நடுவில் வரும் கறுப்பு வட்டம்). பாவையின் கறுப்பு அந்தப் பொட்டின் மேல் ஏறினாலும் பரவாயில்லை, முன்னால் பொட்டுதான் தெரியும். அடுத்து கருவிழியின் அடியில் வரும் வெளிர்ப் பிறை. பிறகு மேல் பாதிக்கு அடர் நிறம், ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றிக் கீழே மங்க விடட்டும். அதன் பின்னால் நடு நிறம் முழுவதும். விழி வெண்மைக்கு முன்னால், இமையின் நிழலாக வெளிர் நீலச் சாம்பலில் ஒரு மெல்லிய பட்டை. கடைசியாகத்தான் வெண்மை. நெற்றி முடிக்குள்ளே புருவம் தெரிவது அனிமே வழக்கம் அல்லவா, அதனால் புருவக் கோடும் முடிக்கு முன்பே போட்டாக வேண்டும்.

மற்ற இடங்களுக்கும் இதே நியாயம்: கூந்தலின் பளபளப்பு, பிறகு நிழல் வடிவம், பிறகு அடிப்படை நிறம். அனிமே நிழலுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும், அதனால் நிழல் நன்றாகக் காய்ந்த பிறகே அடிப்படை நிறம். கன்னச் சிவப்பும் தோல் நிறத்துக்கு முன்னால்தான். பின்னால் வரும் பூச்சு எல்லையைத் தாண்டினாலும் முன்னால் தெரியாது என்பது பெரிய சௌகரியம். மஞ்சளும் சிவப்பும் வெளிச்சத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், பின்னால் வெள்ளை ஒரு பூச்சு கொடுத்தால் அடங்கும்.

நிரப்பும்போது தேய்க்கக் கூடாது. வண்ணம் மோரைவிடக் கெட்டியாக, இட்லி மாவைவிட நீர்த்து இருக்கட்டும். நடுவில் ஒரு சொட்டாக விட்டு, பிரஷ் முனையால் கோட்டை நோக்கித் தள்ளினால் தானே சமனாகிவிடும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும், அதனால் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டில் பூசி, காய்ந்ததும் மறுபக்கமாகப் பார்த்து நிறத்தை முடிவு செய்ய வேண்டும். தோல் நிறத்தை ஒரே தடவையில் கலந்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளச் சொல், ஏ4-இல் ஒரு முகமும் கழுத்தும் என்றால் 10 மி.லி. போதும். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.

இன்னொன்று: இரண்டு பக்கமும் இரண்டு புத்தகத்தை வைத்து அதன் மேல் கண்ணாடியை ஏற்றி, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டால், வரைய வரைய முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே போகலாம். அடியில் மாட்டிய தூசியும் முடியும் அப்போதே தெரியும், அடுத்த பூச்சுக்கு முன் எடுத்துவிடலாம்.

ஃபிரேம் போடுவதற்கு முன் மூன்று வாரமாவது ஆறப் போடு. ஓரத்தில் 4 மி.மீ. வண்ணமில்லாமல் விட்டால் நல்லது, உரிவது எப்போதும் விளிம்பில்தான் தொடங்கும். அட்டையை வண்ணத்தின் மேல் நேரே அழுத்தினால், ஈரக் காற்றில் அக்ரிலிக் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஃபிரேமைத் திறந்தபோது கன்னம் அட்டையோடு வந்தது என்று எழுதியிருந்தாயே, அது இதுதான். சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளிப் பட்டை கொடுத்துவிடு.

கண்ணாடி டம்ளரில் வரையலாமா என்று கேட்டிருந்தாள். வரையலாம், அங்கே வெளிப்பக்கத்தில் வரைந்து வெளியிலிருந்தே பார்ப்பதால் வரிசை காகிதம் மாதிரிதான், கோடு கடைசி. உதடு படும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. விட்டுவிட வேண்டும். சூட்டில் இறுக்கும் வண்ணம்தான் கழுவலைத் தாங்கும். பெபியோ விட்ரியா 160 என்கிற கண்ணாடி வண்ணம் என்றால் 160 டிகிரியில் 40 நிமிடம். அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்து, அந்தச் சூடு வந்த பிறகு நிமிடத்தை எண்ணி, அணைத்தபின் உள்ளேயே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் விரிசல்தான்.

அடுத்த படத்தை அனுப்பும்போது பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எது எதற்கு முன்னால் போனது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்தால் அக்ரிலிக் தோலாகக் கழன்று வந்துவிடும், கண்ணாடி மிச்சம்.

அன்புடன்,
வசந்தா