ஒரத்துப்பாளையம் அணைச் சேற்றை வண்டல் என்று அள்ள விடாதீர்கள்

நீர்வளத்துறை, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்ட நிர்வாகங்கள் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

கோடை வந்ததும் நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையைத் தூர்வார வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கும் என்றான பிறகு, "இங்கேயும் அப்படியே அள்ளிக்கலாமே" என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்கிறவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டோம். கையகல நிலத்தை வைத்துக்கொண்டு, உப்பேறிப்போன மண்ணுக்கு மேல் நாலு லோடு புதுமண் கொட்டினால் ஒரு வெள்ளாமையாவது எடுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த அணையின் அடியில் கிடப்பது என்ன என்று உங்கள் கோப்புகளுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அணைச் சேற்றை ஆழம் வாரியாக ஆய்வு செய்து, அதன் முடிவை வரைபடமாக ஊர் அறிய வெளியிடும்வரை, அங்கிருந்து ஒரு யூனிட் மண்கூட வெளியே போகக் கூடாது. அதற்குப் பிறகு நடக்கும் வேலையும் நச்சுக்கழிவை அகற்றும் வேலைக்கு உரிய விதிகளின்படி நடக்க வேண்டும்.

பழைய கதையை நீட்டவில்லை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது ஆற்றுப் பாசனம் பெறும் நிலத்துக்காரர்கள், தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை 2009 அக்டோபர் 6-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2011 ஜனவரி 28-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டியதாயிற்று. ஆற்றில் வருகிற தண்ணீரைப் பற்றி இத்தனை உத்தரவுகள். ஏற்கெனவே வந்து அடியில் படிந்துவிட்ட சேறு மட்டும் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அந்தச் சேறு எப்படி உருவானது என்பதை முதலில் பார்ப்போம். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, சாயத்தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். சாதா உப்பாக இருக்கும், இல்லையென்றால் கிளாபர் உப்பு எனும் சோடியம் சல்பேட். நூலில் ஒட்டாத சாயமும் போட்ட உப்பு முழுவதும் கழிவில் போகின்றன. மயில்நீலம் மாதிரியான நிறங்களுக்கான சாயத்தில் செம்போ நிக்கலோ மூலக்கூறின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் போட்டு இறக்கும் கசடு ஆற்றில் தப்பிவந்தால், அதுவும் அணையில்தான் தங்கும்.

அணைக்குள் ஆறு நுழையும் இடத்தில் வேகம் குறைந்ததும் மணல் முதலில் இறங்கிவிடும். மாவு மாதிரி நுண்ணிய களி மட்டும் மிதந்துபோய், கரையை ஒட்டியும் பழைய ஆற்றுப் பள்ளத்திலும் மதகுக்குப் பக்கத்திலும் படியும். உலோகங்கள் ஒட்டிக்கொள்வது 63 மைக்ரானுக்குக் குறைந்த இந்த நுண்களியில்தான். எனவே ஒரே அணைக்குள் ஓரிடத்து மணல் கட்டடத்துக்கு ஆகும்படி இருக்கலாம். அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் களி அபாயக் கழிவாக இருக்கலாம். நாலு இடத்தில் அள்ளி ஒன்றாகக் கலந்து ஒரு சராசரி எண் எழுதினால், அந்த எண் இரண்டையும் பற்றிப் பொய் சொல்லும்.

இதைவிட முக்கியமான ஒன்று காற்று. தண்ணீருக்கடியில் காற்றில்லாத சேற்றில், சல்பேட்டைத் தின்று சல்பைடாக மாற்றும் பாக்டீரியா பெருகும். குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே கண்மை போலக் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். செம்பு, நிக்கல், துத்தநாகம், ஈயம் எல்லாம் அந்தச் சல்பைடில் கட்டுண்டு கிடக்கும். அதே தண்டைத் தட்டில் வைத்து வெயிலில் விட்டால் சில மணி நேரத்தில் மேல்முகம் துருநிறமாக மாறத் தொடங்கும். சல்பைடு காற்றுப்பட்டு அமிலமாகிறது, கட்டுண்ட உலோகம் அவிழ்கிறது. நம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் சுக்கான் கல்லும் இருப்பதால் அமிலத்தின் வேகம் ஓரளவு தணியும். எவ்வளவு தணியும் என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும். சேற்றை அள்ளித் தோட்டத்தில் பரப்பி, உழுது, காற்றாட விடுவது என்பது அவிழாமல் இருந்ததை அவிழ்த்து மஞ்சளுக்கும் சோளத்தட்டுக்கும் ஊட்டிவிடுகிற வேலை. சோளத்தட்டு மாட்டுக்குப் போகும், மாட்டிலிருந்து பாலுக்கு வரும்.

சாயத்தின் நிறம் மறைந்துவிட்டதே என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. காற்றில்லாத இடத்தில் அசோ எனும் வகைச் சாயங்கள் உடைந்து, அமீன்கள் எனும் நிறமில்லாத வேதிப்பொருள்களாகின்றன. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அப்படிப்பட்ட சாயங்களில் பலவற்றை இந்திய அரசு 1990-களில்தான் தடை செய்தது. அணையில் தண்ணீர் நின்றது 1992 முதல். அடியடுக்கில் எந்தக் காலத்துச் சாயம் இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

கரையோரத் தோட்டங்களின் பாட்டை ஒரே ஒரு கணக்கில் சொல்கிறோம். ஓர் ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு நாளுக்கு 60 லிட்டர் என்று வைத்தால் 4,200 லிட்டர். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு இருந்தால், நாளொன்றுக்கு 12.6 கிலோ உப்பை அந்த ஏக்கரில் கொட்டுகிறோம். நூறு நாள் கோடையில் 1,260 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 25 மூட்டை. வேர் தண்ணீரை மட்டும் குடிக்கும், உப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அடிமட்டையில் ஓலை நுனி காய்ந்து, கருகல் உள்நோக்கி ஏறி வரும். குரும்பை உதிரும். சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளை படிந்து அடைத்துக்கொள்ளும், அமிலம் விட்டுக் கழுவினால் மறுபடி அடைக்கும். சோடியம் ஏறிய களிமண் மழை பட்டதும் கரைந்து, காய்ந்ததும் ஓடாக இறுகிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரால் அலசினால் மண் மீளும் என்று வேளாண் அதிகாரிகள் சொல்வது சரியே. அலசுவதற்கு நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? இந்தத் தோட்டத்துக்காரர்தான் அணை மண்ணுக்கு மனுப் போட்டு வரிசையில் நிற்கிறார். உப்பால் கெட்ட நிலத்துக்கு, கெடுத்த அதே சேற்றை மருந்தாகக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி, ஆய்வை எப்படிச் செய்ய வேண்டும் என்பது. மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டி பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போவது ஆய்வாகாது. நீர்ப்பரப்பு முழுவதையும் 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மதகுப் பக்கமும் பழைய ஆற்றுப் பள்ளமும் வரும்போது கட்டத்தை 50 மீட்டராகச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அணைக்கு முன்பிருந்த பழைய மண் தட்டுப்படும்வரை குழாயை இறக்கித் தண்டாக எடுக்க வேண்டும். 15 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு. கறுப்புத் துண்டுகளைக் காற்றுப் புகாமல் மூடி, 4 டிகிரி குளிரில் ஆய்வகம் சேர்க்க வேண்டும். வெயிலில் காயவைத்து அனுப்பினால் வழியிலேயே அதன் வேதியியல் மாறிப்போகும். ஒப்பிட்டுப் பார்க்க, கோவைக்கு மேலே சித்திரைச்சாவடி பக்கத்து நொய்யல் படிவும் சேர வேண்டும். அது இல்லாவிட்டால், இந்த உலோகம் இயற்கையாக இந்த மண்ணில் உள்ளதுதான் என்று நாளை யாராவது வாதாடுவார்கள்.

உப்பளவை மட்டும் பார்த்து அறிக்கை முடித்துவிடக் கூடாது. துகள் அளவு, கரிமப் பொருள், சல்பைடு, குரோமியம், செம்பு, நிக்கல், துத்தநாகம், ஈயம், அரோமாட்டிக் அமீன்கள் ஆகியவற்றோடு டி.சி.எல்.பி. என்கிற கசிவுச் சோதனையும் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் இரண்டாம் அட்டவணையில் எல்லை எண்கள் அச்சிட்டே இருக்கின்றன. எந்தக் கட்டம் எல்லைக்கு மேல், எது கீழ் என்று நிறம் தீட்டினால் வரைபடம் தயார். இதை வெளியிடுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறோம்.

வரைபடம் செலவையும் குறைக்கும். ஒரு ஹெக்டேரில் அரை மீட்டர் ஆழம் எடுத்தால் 5,000 கனமீட்டர். மூன்றரை யூனிட், அதாவது சுமார் 10 கனமீட்டர், பிடிக்கும் டிப்பரில் 500 நடை. ஈரத்தோடு எடை 7,000 டன்னைத் தொடும். அதை அப்படியே கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு ஏற்றினால், பாதிக் காசு தண்ணீரைச் சுமக்கவே போய்விடும். மணலைச் சுழல்பிரிப்பான் வைத்து முதலில் பிரிக்க வேண்டும். மிஞ்சும் களியை, துகள்களைத் திரட்டும் பாலிமர் கலந்து, ஜியோடியூப் என்ற பெரிய நெய்த பைகளில் நிரப்பி வடியவிட வேண்டும். பாலிமர் அளவை ஒவ்வொரு பகுதிச் சேற்றுக்கும் குடுவைச் சோதனை செய்து முடிவு கட்ட வேண்டும். குறைந்தால் களி பையோடு கசியும், கூடினால் துணியின் கண் அடைத்துக்கொள்ளும். வடியும் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் உப்பு அதில் அப்படியே இருக்கும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் ஆற்றில் விடக் கூடாது. ஒப்பந்தக்காரர் விடத்தான் பார்ப்பார், அங்கே உங்கள் ஆள் நிற்க வேண்டும்.

வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் மே வரை. ஜூனில் வெள்ளியங்கிரிப் பக்கம் மழை பிடித்தால் ஆறு வரும். முழு அணையையும் ஒரே நேரத்தில் கிளறாமல், பாத்தி பாத்தியாக மண்கரை கட்டி ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். திறந்த சேற்றை எலும்பாகக் காயவிட்டால் புழுதி கிளம்பிப் பக்கத்து ஊர்களில் இறங்கும், அதனால் ஈரம் காக்க வேண்டும். ஜேசிபி பல்லு வைத்த பக்கெட்டைப் போடாமல், விளிம்பு சமமான பக்கெட்டால் வழிக்க வேண்டும். டிப்பரின் பின்கதவுக்கு ரப்பர் பட்டை, வெளியேறும் வழியில் சக்கரம் கழுவும் தொட்டி, ஒவ்வொரு நடைக்கும் அபாயக் கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று பதியும் படிவம் 10. முடித்த பாத்தியில் மறுபடி மாதிரி எடுத்து, எல்லைக்குள் வந்திருந்தால்தான் அடுத்த பாத்தி.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லிவிட வேண்டாம். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) மேல் பாதரசம் இருந்த சேற்றை 1977 முதல் 1990 வரை பொறுமையாக அகற்றியும் அடைத்தும் முடித்தார்கள். செலவின் பெரும்பகுதியைக் கழிவை விட்ட கம்பெனியே ஏற்றது. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றில் 2009-இல் முதல் கட்டம் தூர்வாரிய பிறகு, 2010 முழுவதும் நிறுத்தி, கிளறியதில் எவ்வளவு நஞ்சு மேலே வந்தது என்று நிபுணர்களை வைத்துப் பார்த்துவிட்டு, 2011-இல்தான் தொடர்ந்தார்கள். நாம் அவ்வளவு பெரிய வேலை கேட்கவில்லை. கிளறுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திறந்திருக்கும் குழாயை மூடாமல் தொட்டியைக் கழுவிப் பயனில்லை. மழை இரவில் ஆற்றின் நிறம் மாறுவதைக் கரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விதியை மதித்துச் செலவு செய்து சுத்திகரிக்கும் பட்டறைக்காரர் போட்டியில் தோற்கிறார், இருட்டில் திறந்துவிடுபவர் லாபம் பார்க்கிறார். நொய்யல் வழிநெடுக மாநகரச் சாக்கடையும் சேர்கிறது. புகார் சொன்னால் மாதிரி எடுக்க ஆள் வருவதற்குள் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. கொங்கு நாட்டின் ஆற்றை இத்தனை ஆண்டுகள் வழக்கு மன்றத்திலேயே வாழவிட்டது எங்களுக்கு ஆறாத வேதனை. பனியன் தொழிலால் எங்கள் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள். அந்தத் தொழில் நிலைக்க வேண்டும் என்றே விரும்புகிறோம், அதற்கான விலையை ஆயக்கட்டுக்காரர் மட்டும் கட்டக் கூடாது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதேதான்: ஆழம் வாரியான ஆய்வும் வெளியிட்ட வரைபடமும் வரும்வரை அணை மண்ணுக்கு அனுமதிச் சீட்டு யாருக்கும் தர வேண்டாம். ஏற்கெனவே மனுக் கொடுத்திருப்பவர்களுக்குக் காரணத்தை எழுத்தில் தெரிவித்து, மாசில்லாத வேறு குளத்தின் வண்டலை ஒதுக்கித் தாருங்கள். கீழே சின்னமுத்தூர் தடுப்பணையிலும் ஆத்துப்பாளையம் அணையிலும் படிந்திருப்பதையும் இதே ஆய்வில் சேருங்கள்.

மாதிரி எடுக்க வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் பரிசலும் ஆளும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். எடுக்கும் ஒவ்வொரு தண்டிலும் பாதியை ஊர்க்காரர் முன்னிலையில் முத்திரையிட்டு வைத்துவிட்டுப் போங்கள். வேறோர் ஆய்வகத்திலும் சோதிக்க அது உதவும்.

இப்படிக்கு,
நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளும் மண், நீர் ஆய்வுப் பணியில் இருப்பவர்களும்