விற்றால்தானே நஷ்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம், சரி. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் பரவாயில்லை. நீ நேரத்துக்குத் தூங்கு.

போன தடவை நீ வந்திருந்தபோது இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். உன் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம். காலையில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பேசினாய். அது அதிரும்போதெல்லாம் உன் பேச்சு பாதியில் நின்றது. மாடியில் யாரிடமோ "விற்றால்தானே நஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

பங்கோ வேறெதுவோ, நான் கேட்கவில்லை. உன் சம்பாத்தியம். படிப்புக் கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தவள் நீ, அதை யாரிடமெல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறேன் தெரியுமா? அப்படிப்பட்டவளுக்கு வீட்டோடு பேச மூன்று நிமிடம் கிடைக்கவில்லை!

நூலகத்தில் ஒரு விஷயம் படித்தேன். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் எழுதியது. நூறு கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு போகும் வலி பெரிது. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே என்று 1992-இல் அவர்களே கணக்கிட்டார்கள். நஷ்டத்தோடு சமாதானமாக முடியாதவன் இன்னும் பெரிய ஆபத்துக்குத் துணிகிறானாம். 1985-இல் ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் சொன்னது இன்னும் சுருக்கென்றது: ஏறிய பங்கை அவசரப்பட்டு விற்கிறோம், இறங்கியதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து, நான் பங்கு வாங்கி விற்ற கணக்கை எழுதிவைத்த நீல டைரியை எடுத்தேன். ஏறிய இரண்டையும் ஒரே மாதத்தில் விற்றிருக்கிறேன். இறங்கிய ஒன்றுக்கு மட்டும் ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வாங்கிய விலை, சிவப்பு மையில். அந்த விலை திரும்பி வந்ததும் வெளியே வந்துவிடுவதாக உத்தேசம். நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்று அந்தப் பங்குக்குத் தெரியுமா என்ன? இறங்க இறங்க இன்னும் வாங்கினேன். வாங்கிய சராசரி விலை குறையுமாம், 'ஆவரேஜ்' என்று அதற்கொரு மரியாதையான பெயர் வேறு. பாதியாகிப்போன பணம் பழைய நிலைக்கு வர ஐம்பது சதவீதம் ஏறினால் போதாது, நூறு சதவீதம் ஏற வேண்டும். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கரும்பலகையில் கேட்டிருந்தால் சட்டென்று போட்டிருப்பேன்.

அதனால் சொல்கிறேன், ராத்திரியில் வாங்காதே, விற்காதே. கையில் இருப்பது இன்று ரொக்கமாக இருந்தால் இதையே மறுபடி வாங்குவாயா என்று கேட்டுப் பார். வாங்கமாட்டேன் என்று தோன்றினால் ஏன் வைத்திருக்கிறாய்? ராத்திரியில் மட்டும் எதையும் தீர்மானிக்காதே. தூங்கு.

டைரியில் எட்டாம் பக்கம் காலி. அங்கே எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அந்தப் பணம் உன் படிப்புக்கென்று போட்டுவைத்தது. "கடன் வாங்கிப் படித்தால்தான் பொறுப்பு வரும்" என்று உன்னிடம் சொன்னேனே, அது கொள்கை இல்லை, பாப்பா. டெபாசிட்டில் ஒன்றும் மிச்சமில்லை. சித்தப்பாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இன்றுவரை அவனிடம் முகம் கொடுத்துப் பேசாதது அதனால்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அம்மா இதைப் பார்க்கவில்லை, நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறேன். அவளிடம் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?

அப்பா