நான்கு பத்திகளில் ஒரு பட்ஜெட்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலம் என்பதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. மழை தொடங்கியதும் என் முழங்கால் வலி கூடியிருக்கிறது. மற்றபடி இங்கே அனைவரும் சுகம்.

கடிதத்தின் முடிவில், "பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லை என்றாகிவிட்டது, இனி பட்ஜெட்டில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்தவள் என்பதால், இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பட்ஜெட் என்றதும் பிப்ரவரி முதல் தேதி காலை பதினொரு மணிக்கு நிதியமைச்சர் மக்களவையில் படிக்கும் உரைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்த உரை முடிவுகளை அறிவிக்கிறதே தவிர, முடிவுகள் அங்கே எடுக்கப்படுவதில்லை. ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவிலிருந்து எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றறிக்கை போகும். போன ஆண்டு உண்மையில் செலவானது எவ்வளவு, இந்த ஆண்டு ஒதுக்கியதில் இதுவரை கரைந்தது எவ்வளவு, மார்ச் முடிய இன்னும் எவ்வளவு வேண்டும், அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு கேட்பது என்று தலைப்பு வாரியாக நிரப்பி நாங்கள் மேலே அனுப்புவோம். அக்டோபர், நவம்பரில் செலவினத் துறைச் செயலாளர் ஒவ்வொரு அமைச்சகத்தையும் அழைத்து அந்தக் கணக்கை வெட்டியும் ஒட்டியும் திருத்துவார். விவசாயச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், தொழிலதிபர்கள், பொருளாதார அறிஞர்கள் ஆகியோரை நிதியமைச்சர் சந்திப்பதும் பட்ஜெட்டுக்கு முந்தைய இந்தக் காலத்தில்தான். வழக்கப்படி அல்வா கிண்டி, பட்ஜெட் அச்சிடும் ஊழியர்களை டெல்லி நார்த் பிளாக் கட்டடத்தின் அடித்தள அச்சகத்தில் வெளித்தொடர்பின்றி இருக்கவைக்கும் நாள் வரும்போது பெரிய பங்கீடுகளெல்லாம் முடிந்திருக்கும். ஆகவே, கேட்க வேண்டியதைக் கேட்பதற்கான காலம் பிப்ரவரி அல்ல, அதற்கு முந்தைய மாதங்கள்தான்.

உங்கள் தெருவில் குழாய் பதித்துச் சிமெண்ட் கட்டையும் கட்டிவிட்டார்கள், தண்ணீர்தான் வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தாயே, அதையே எடுத்துக்கொள்வோம். ஊரக வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதன் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. 2025 பிப்ரவரியில் வெளியான மத்திய பட்ஜெட்டின் செலவினப் புத்தகத்தில் இத்திட்டத்துக்கு நேரே நான்கு பத்திகளில் (நெடுவரிசைகளில்) தொகைகள் இருக்கின்றன. 2023-24இல் உண்மையில் செலவானது ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய். 2024-25க்கு முதலில் ஒதுக்கியது 70,163 கோடி. அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு 22,694 கோடி. 2025-26க்குப் புதிதாக ஒதுக்கியது 67,000 கோடி. மூன்றாவது பத்தியில் ஏறக்குறைய 47,000 கோடி ரூபாய் குறைந்திருக்கிறது பார்! திட்டத்தை 2028 வரை நீட்டிப்பதாக உரையில் சொன்னது செய்தியாயிற்று. இந்தச் சரிவைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். உங்கள் தெருக் குழாய் வறண்டிருப்பதற்கு உள்ளூர்க் காரணமும் இருக்கலாம். ஆனால் மேலிருந்து வரும் பணம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால், அது எங்கோ ஒரு தெருவில் தெரியத்தானே செய்யும்?

அறிவித்த தொகை, திருத்திய தொகை, உண்மையில் செலவான தொகை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்காத வரை யாரும் பட்ஜெட்டைப் படித்ததாக ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். செலவாகாத பணம் மார்ச் 31 அன்று லேப்ஸ் ஆகிவிடும், அதாவது அதற்குப் பிறகு அதைச் செலவழிக்க முடியாது. அதனால் பத்து மாதம் அசையாமல் கிடந்த கோப்புகளுக்கெல்லாம் மார்ச் கடைசி வாரத்தில் கால் முளைத்து, எங்கள் மேசையில் பில்கள் குவிந்துவிடும். ஆண்டு இறுதியில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்குக்கு மாறானது என்று அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. ஆண்டு ஒதுக்கீட்டில் கடைசி மூன்று மாதச் செலவு 33 விழுக்காட்டையும் மார்ச் மாதச் செலவு 15 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. இருந்தும், தேவையானது வராமலும் வந்தது தேவையில்லாததாகவும் ஓர் ஆண்டு முடிவதைப் பார்த்து நான் பலமுறை மனம் வெதும்பியிருக்கிறேன்.

இதையெல்லாம் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளாதா என்று நீ கேட்பாய். அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகளான மானியக் கோரிக்கைகளுக்கு மக்களவை வாக்களித்து, ஒதுக்கீட்டு மசோதாவும் நிறைவேறினால்தான், அரசின் பொதுக் கருவூலமான தொகுப்பு நிதியிலிருந்து அரசு பணம் எடுக்க முடியும் என்று அரசியலமைப்பு வகுத்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் 1993 முதல் ஒவ்வொரு கோரிக்கையையும் ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. அவை செய்வது நல்ல வேலை. ஆனால் அவையில் நேரம் தீர்ந்ததும், விவாதிக்காத கோரிக்கைகளையெல்லாம் 'கில்லட்டின்' என்ற முறையில் மொத்தமாக வாக்குக்கு விட்டுவிடுகிறார்கள். 2023 மார்ச் 23 அன்று, அமளிக்கிடையே, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் நம் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே.சண்முகம் செட்டியார். ஏழரை மாதங்களுக்கான அந்தத் திட்டத்தின் செலவு சுமார் 197 கோடிதான். தொகை இவ்வளவு பெருகிய பிறகு விவாதமும் பெருக வேண்டாமா?

வருமான வரி இல்லையென்றால் வரியே கட்டுவதில்லை என்று ஆகிவிடாது. நீ வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் ஜி.எஸ்.டி. இருக்கிறது, பேருந்துக்கு ஊற்றும் டீசலில் கலால் வரி இருக்கிறது. டீசல் மீதான அந்த வரியில் பெரும்பகுதி செஸ், சிறப்புக் கூடுதல் வரி போன்ற பெயர்களில் வசூலாவதால், மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பகிரும் 41 விழுக்காட்டுக் கணக்கில் அது சேர்வதில்லை. 2025-26 பட்ஜெட் கணக்கில் அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். செலவாகும் ரூபாயில் 20 காசு பழைய கடனுக்கான வட்டி. வட்டி போக மீதியில்தான் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் உங்கள் தெருக் குழாயும் அடங்க வேண்டும். இன்று வாங்கும் கடனை அடைக்கப் போகிறவர்களில் உன் பேத்தியும் ஒருத்தி.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊராட்சிக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் அனுமதியான தொகை, வந்த தொகை, செலவான தொகை மூன்றையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல். அதன் நகலோடு உங்கள் மக்களவை உறுப்பினருக்கு ஒரு மனு எழுதலாம். வாசகத்தை நான் தயாரித்துத் தருகிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் புதிய புத்தகம் வந்ததும், முதலில் ஒதுக்கிய தொகை திருத்திய மதிப்பீட்டில் என்னவாயிற்று என்று பார்த்து உனக்கு எழுதுகிறேன்.

குழந்தைக்கு என் ஆசிகள். பெயர் வைத்ததும் தெரியப்படுத்து.

அன்புடன்,
வசந்தா