அமிழும் பிரேக் பெடலுக்கு ஏர் எடுப்பது மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் பிரேக் பெடல் மெத்தென்று இருப்பது ஒரு கோளாறு. மிதித்த காலுக்குக் கீழே மெல்ல மெல்ல அமிழ்ந்துபோவது வேறொரு கோளாறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி, பிரேக் ஆயிலை நிரப்பி, ஏர் எடுத்து (குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி) அனுப்பிவிடும் பணிமனைகள் இருக்கின்றன. அந்தக் குழப்பத்தால் விபத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சிக்னலில் பிரேக்கை லேசாக மிதித்தபடி நிற்கும்போது என் காரின் பெடல் தானாகவே கீழே இறங்கத் தொடங்கியது. ஓடும் காரை அழுத்தி மிதித்து நிறுத்தும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. பணிமனையில் இரண்டு முறை ஏர் எடுத்தார்கள். இரண்டு முறையும் சில நாட்கள் சரியானது போலத் தோன்றியது. அதன் பிறகு ஒருநாள் சரிவான சாலையில் நின்றிருந்தபோது பெடல் அடிவரை போய்விட்டது. முன்னால் நின்ற வண்டியை நோக்கி நகர்ந்த காரைக் கைபிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தார்கள். பிறகு வேறொரு பணிமனையில், எந்தக் கருவியையும் கையில் எடுக்காமல், பெடலை மிதித்துப் பார்த்தே பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியே சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சோதனையை எவரும் செய்யலாம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீரும்வரை பெடலை ஐந்தாறு முறை மிதிக்க வேண்டும். பிறகு ஒரே அளவான அழுத்தத்தில் அரை நிமிடமாவது காலை வைத்திருக்க வேண்டும். பெடல் நின்ற இடத்திலேயே நின்றால் நல்லது. மெல்ல இறங்கினால், அழுத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் சற்றே இறங்கி நின்றுவிடுவது பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இந்தச் சோதனையில் பலரும் செய்யும் தவறு, பலங்கொண்ட மட்டும் மிதித்துப் பார்ப்பது. அழுத்தி மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தமே சீலின் விளிம்பை சிலிண்டர் சுவரோடு இறுக்கிவிடுவதால், தேய்ந்த சீலும் சில நேரம் தாங்கி நிற்கும். லேசாக மிதிக்கும்போதுதான் ஆயில் அதைத் தாண்டி நழுவுகிறது. என் கார் சிக்னலில் மட்டும் தொல்லை கொடுத்ததற்கும், பணிமனையில் ஓட்டிப் பார்த்தவருக்கு அது தெரியாமல் போனதற்கும் காரணம் இதுவே. அதிலும், ஏர் எடுப்பதற்காகப் பழைய சிலிண்டரின் பெடலைத் தரைவரை திரும்பத் திரும்ப மிதித்தால், வழக்கமாகச் சீல் போகாத, துருவும் கசடும் படிந்த பகுதியில் அது உரசி மேலும் கெடக்கூடும்.

பெடல் இறங்குவது உறுதியானால், அடுத்து ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும். மட்டம் குறையவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டரின் உட்கசிவின் மீதே விழ வேண்டும். குறைந்துகொண்டே வந்தால் கசிவு வெளியே இருக்கிறது: சக்கரங்களின் உட்புறம், ஹோஸ் இணைப்புகள், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் ஆகியவற்றில் ஈரம் தேட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கச் சீல் வழியே ஆயில் பூஸ்டருக்குள் இறங்கினால் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. பேடுகள் (பிரேக்கின் உராய்வுக் கட்டைகள்) தேயத் தேய மட்டம் மாதக்கணக்கில் சிறிது இறங்குவது இயல்பு.

மெத்தென்ற பெடலின் கதை வேறு. குழாய்களுக்குள் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும்; அடுத்தடுத்து மிதித்தால் ஓரளவு இறுகும். அதற்கு ஏர் எடுப்பதே சரியான வேலை. ஆனால் முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மிதிக்கும் இரண்டாவது மிதியில் உயரத்திலேயே கெட்டியாக நின்றால், டிரம் பிரேக்கில் டிரம்முக்கும் அதன் மீது உரசும் லைனிங்குக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புவதாலும் பெடல் மெத்தென்று ஆகலாம்.

ஆயிலின் வயதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளவை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அத்தகைய ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் திடீரென்று இளகும். சூடு ஆறியதும் மறுபடி கெட்டியாகிவிடும். பணிமனைக்கு வந்து சேரும்போது கோளாறு கண்ணில் படாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுமாறு பல தயாரிப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

எனவே, காரை ஒப்படைக்கும் வாசகர்கள் "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எப்படி மிதிக்கும்போது, எவ்வளவு நேரத்தில் பெடல் இறங்குகிறது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். பணிமனையினர், வேலைக்கு முன்னும் பின்னும் இந்தக் கால் சோதனையைச் செய்து, அதன் முடிவை பில்லிலேயே குறித்துத் தர வேண்டும். காரை எடுக்கும் முன் உரிமையாளரும் தம் காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்