செயலாளரின் ஆண்டறிக்கை: சிறுவயதில் கண்ட உலகக் கண்காட்சிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பெற்றோருடன் உலகக் கண்காட்சிகளுக்குப் போய்வந்த நினைவுகளை உறுப்பினர்களிடம் எழுதி வாங்கித் தொகுக்க வேண்டும் எனச் சென்ற பொதுக்குழு எடுத்த தீர்மானமே இவ்வாண்டு நம் சங்கத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. வந்தவற்றுள் பெரும்பாலானவை 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க்கின் ஃபிளஷிங் மெடோஸில் நடந்த கண்காட்சியைப் பற்றியவை. 1962ஆம் ஆண்டின் சியாட்டில் கண்காட்சி பற்றி ஒரே கட்டுரைதான் கிடைத்தது. அதுவும் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் மின்தூக்கிக்காக வரிசையில் நின்றதோடு முடிந்துவிடுகிறது.

பெரியவர்கள் காட்ட நினைத்தது ஒன்று, குழந்தைகள் கண்டுவந்தது வேறொன்று என்பது இக்கட்டுரைகளைப் படிக்கையில் தெளிவாகிறது. நியூயார்க் கண்காட்சியின் வத்திக்கான் அரங்குக்கு ரோமிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த மைக்கேலாஞ்சலோவின் பியட்டா சிற்பத்தை, நகரும் நடைமேடையில் நின்றபடி மக்கள் கண்டு கடந்தனர். அங்கே அழைத்துச் செல்லப்பட்ட ஓர் உறுப்பினருக்குச் சிற்பம் நினைவில் இல்லை. அந்த நடைமேடையில் இன்னொரு முறை ஏறவேண்டும் என்று அழுததுதான் நினைவிருக்கிறது. யூனிஸ்பியர் என்னும் 140 அடி உயர எஃகு உலக உருண்டையை ஒரே வரியில் கடந்துவிடும் வேறொருவர், சின்க்ளேர் எண்ணெய் நிறுவன அரங்கில் இயந்திரம் கண்ணெதிரே வார்த்துத் தந்த பிளாஸ்டிக் டைனோசரின் சூட்டையும் வாசனையையும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 2 டாலர், சிறுவருக்கு 1 டாலர் என்று கணக்கு வைத்திருந்த தந்தையர் இதைப் படித்தால் என்ன சொல்வார்களோ!

ஒரு கட்டுரை மட்டும் செயற்குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. கனடாவின் மான்ட்ரியாலில் 1967இல் நடந்த உலகக் கண்காட்சியான எக்ஸ்போ 67இல், பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வடிவமைத்த அமெரிக்கக் கோளக் கூடாரத்தில் நிலவுக்கல்லைத் தொடும் தொலைவில் கண்டதாக உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். மனிதர் நிலவிலிருந்து கல் கொண்டுவந்ததே 1969இல்தான் என்பதால், அது நடந்திருக்க முடியாது. விசாரித்ததில், அவருடைய குடும்பம் 1970இல் ஒசாகா கண்காட்சிக்கும் போயிருந்தது தெரியவந்தது. நெடுவரிசையில் நின்று நிலவுக்கல்லைக் கண்டது அங்கேதான். மான்ட்ரியாலில் அவர் கண்டவை விண்கலங்கள். நுழைவுச்சீட்டாகவே அங்கு வழங்கப்பட்ட கடவுச்சீட்டை அவருடைய தமக்கையார் இன்றும் வைத்திருக்கிறார். அதில் அமெரிக்க அரங்கின் முத்திரையும் உள்ளது. அந்தப் பத்தியை நீக்கிவிடலாம் என்று சிலர் கூறினர். இரண்டு பயணங்கள் ஒரே பயணமாக மனத்தில் ஒட்டிக்கொண்டதும் பதிவுக்கு உரியதே என்பது என் கருத்து. இறுதியில், அவர் எழுதியதை மாற்றாமல், சரியான ஆண்டை அடிக்குறிப்பாகச் சேர்ப்பதென முடிவாயிற்று.

உறுப்பினர்கள் ஒப்படைத்த வண்ணப்பட வில்லைகளைக் கணினியில் ஏற்றும் வேலை, என் தாமதத்தால், இன்னும் தொடங்கப்படவில்லை. வில்லைகளைத் தந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்