கணக்கே படிக்கட்டும், அண்ணா

லெஸ்டர்
24.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. போனில் "எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லியே நாளைக் கடத்திவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். பெரியவள் காலேஜில் கணக்கு படிக்கப் போவதைப் பற்றி, "கணக்கு படிக்க இவ்வளவு கடனா?" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தீர்களே, அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியவளுக்கு 14ஆம் தேதி ரிசல்ட் வந்தது, நம் பிளஸ் டூ மாதிரி. கணக்கில் ஏ ஸ்டார், இங்கே அதுதான் உச்ச கிரேடு. கதவில் தபால் போடும் துவாரம் வழியாகவே பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் கத்திச் சொல்லிவிட்டு வந்தாள். வீடியோவில் பார்த்திருக்கிறீர்களே, மழையிலும் தோட்டத்தில் நிற்பார், அவர்தான். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். பீன்ஸ் காய்க்கும் மாதங்களில் வாரம் தவறாமல் பறித்து, செய்தித்தாளில் சுற்றி நம் வாசலில் வைத்துவிடுவார். பிரித்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு கணக்கு. பெரியவள் போட்டு முடித்து அவர் வீட்டுக் கதவில் செருகிவிட்டு வருவாள். அடுத்த பொட்டலத்தில் அடுத்த கணக்கு. மூன்று வருடமாக இப்படித்தான். பீன்ஸ் முழ நீளம், நார் உரித்துத்தான் வேக வைக்க வேண்டும். தேங்காய் போட்டுப் பொரியல் செய்கிறேன். அண்ணி செய்யும் கொத்தவரங்காய்ப் பொரியலின் ருசி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

டீச்சரம்மா 1970களில் காலேஜில் படித்தவர். அப்போது கட்டணத்தை அரசாங்கமே கட்டி, சாப்பாட்டுச் செலவுக்கும் பணம் கொடுத்ததாம். 1998இல் வருடத்துக்கு 1,000 பவுண்டு என்று ஆரம்பித்தது, 2012இல் 9,000 ஆனது. இப்போது 9,535. இதைச் சொல்லும்போது அவருக்குக் குரலே மாறிவிடுகிறது.

சரி, நம் கணக்குக்கு வருகிறேன். இந்தக் கட்டணப்படி மூன்று வருடத்துக்கு 28,605 பவுண்டு. நம் பணத்தில் முப்பது லட்சத்துக்கு மேல். முதலில் இதைக் கேட்டபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் இந்தக் கடன் நம் ஊர்க் கடன் மாதிரி இல்லை அண்ணா. வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். அதுவும் தாண்டிய தொகையில் 9 சதவீதம் மட்டும், பி.எஃப். பிடிப்பதுபோல சம்பளத்திலேயே கழிந்துவிடும். வேலை போனாலும், பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாலும் தவணை கிடையாது. நாற்பது வருடத்தில் மீதியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை.

அவளுக்கு டீச்சராக ஆசை. அடுத்த மாதத்திலிருந்து இங்கே புது டீச்சருக்கு லண்டனுக்கு வெளியே வருடச் சம்பளம் 32,916 பவுண்டு. மாதம் 59 பவுண்டு பிடிப்பு வரும். கணக்கு டீச்சருக்கு ஆள் பற்றாக்குறை, அதனால் பயிற்சி வருடத்துக்கு இந்த வருடம் 29,000 பவுண்டு உதவித்தொகையே தருகிறார்கள், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளில் ஆக்சுவரி, அதாவது பிரீமியமும் நஷ்ட வாய்ப்பும் கணக்குப் போடும் வேலைக்குப் போனால் சம்பளம் நன்றாக ஏறும். பரீட்சைக் கட்டணத்தையும் பெரும்பாலும் கம்பெனியே கட்டிவிடும். பரீட்சைகளை முடிக்கத்தான் பல வருடம் ஆகும்.

உங்களிடம் மறைக்கவில்லை, ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. அந்த 28,605 பவுண்டுக்கு 3.2 சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 915 பவுண்டு. டீச்சர் சம்பளத்தில் பிடிப்பது 712தான். சம்பளம் ஏறும்வரை கடன் குறையாது, கூடும். அது கடன் இல்லை, வரி என்று நினைத்துக்கொள் என்கிறார் டீச்சரம்மா. அப்படி நினைக்க எனக்கு முடியவில்லை. நாம் வளர்ந்த வீடு அப்படி.

செலவுக்கும் கடன் உண்டு, எங்கள் சம்பளத்தைப் பார்த்துக் குறைத்துத்தான் தருவார்கள். அது வேண்டாம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வேறு ஊரிலும் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளேதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அண்ணா, நீங்கள் பிளஸ் டூவில் கணக்கில் 200க்கு 196. கரண்ட் போன ராத்திரிகளில் திண்ணையில் கரித்துண்டால் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவீர்களே, காலையில் அம்மா சாணி போட்டு மெழுகும்வரை அது அப்படியே இருக்கும். நான் நர்சிங் சேர வேண்டும் என்று நீங்கள் உரக்கடைக்குப் போனீர்கள். கணக்கு படித்து என்ன ஆகப்போகிறது என்று நீங்களே எழுதியதைப் படித்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். இவளுக்கு வந்திருப்பது உங்கள் மூளைதான். அந்தத் திண்ணையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் போதும் என்று இருக்கிறது.

டிசம்பரில் வர முடியாது. லீவு கிடைக்கவில்லை, வேறொன்றும் இல்லை. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

உங்கள் பையனின் இன்ஜினியரிங் கடனுக்கு வாய்க்கால் கரை நிலத்தின் பத்திரத்தை வைக்கப் போவதாக அண்ணி சொன்னாள். வேண்டாம். 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு தேவையில்லை, மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை ஆரம்பித்துவிடும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அதை அவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சித்தப்பா கேட்கிறார் என்று அந்த நிலத்தை விற்கவும் வேண்டாம்.

அம்மாவின் கண்புரை ஆபரேஷனை அறுவடைக்கு அப்புறம் என்று தள்ளாதீர்கள். தேதி குறித்ததும் சொல்லுங்கள், அன்றைக்கு நைட் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போனிலேயே இருக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை

பி.கு.: டீச்சரம்மா இந்த வாரம் வைத்த கணக்கு பெரியவளுக்கே பிடிபடவில்லை. சீட்டை இந்த உறையில் வைத்திருக்கிறேன். மாமா போட்டு அனுப்பட்டும் என்கிறாள்.