பரணில் கிடந்த திருவிதாங்கூர்

அன்புடையீர்,

செங்கோட்டையில் எங்கள் நூலகப் பரணிலிருந்து இறங்கிய பழைய வரைபடங்களும் அச்சோவியமும் இன்று பத்திரமாக இருக்கின்றன. அதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

எடைக்குப் போடக் கட்டிய மூட்டையிலிருந்து ஒரு சுருளை மட்டும் உருவி எடுத்தவர், நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா. "யாரோ பாடுபட்டு இதன் முதுகில் துணி ஒட்டியிருக்கிறார்கள் சார், இதையுமா போடுவது?" என்றார். ஒப்புதல் தாளில் நான் கையெழுத்திட்டு முடித்திருந்தேன். அக்கா, அந்தக் கேள்விக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆவலில் சுருளைப் பிரிக்கப்போன என்னைத் தடுத்தவர், ஓய்வுபெற்ற சர்வேயர் அண்ணாச்சி. காய்ந்த தாள் விரித்தால் ஒடிந்துவிடும் என்று, தண்ணீர்த் தட்டு வைத்த பெட்டிக்குள் நீர் படாமல் இரண்டு நாள் மூடி வைத்தார். பிறகு அது தானாகவே இளகிக்கொடுத்தது. திருவிதாங்கூர் வரைபடம்! எல்லைக்கோடு நம் ஊருக்குக் கிழக்கே ஓடுகிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கம்தானே. ஆரியங்காவுக் கணவாயில் சாலை இருக்கிறது, ரயில் பாதை இல்லை. கொல்லம் ரயில் ஓடத் தொடங்கியது 1904இல். அதற்கு முன் வரைந்தது இது என்று அண்ணாச்சி அங்கேயே சொல்லிவிட்டார்.

ஓரத்தில் மையால் எழுதிய மலையாளக் குறிப்புகளைப் படித்துச் சொல்ல, புனலூர் ஆசிரியை இரண்டு முறை பஸ் ஏறி வந்தார். புளியரையைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் அம்மா பிறந்த ஊராம். விரலைத் தாளில் படாமல் அதன் மேலேயே வெகுநேரம் பிடித்திருந்தார்.

இன்னொரு கட்டுக்குள், ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வரைந்த பாபநாசம் அருவியின் அச்சு இருந்தது. செப்புத் தகடு அழுந்திய தடத்தை விளிம்பில் தடவிக் காட்டினார் கல்லூரிப் பேராசிரியர். எவரோ ஒட்டிய செல்லோ டேப் பழுப்பேறி ஓவியத்தைத் தின்றுகொண்டிருந்தது. பழைய தாள்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் கலை தெரிந்த ஓர் அம்மா அதை அங்குலம் அங்குலமாக நீக்கி, கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினார். அந்தப் பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

மடிக்காமல் வைக்க அகலமான இழுப்பறை செய்த தச்சர், மரத்துக்கு மட்டுமே காசு வாங்கினார்.

இழுப்பறைச் சீட்டில் 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறோம்.

நன்றியுடன்,
நூலகர், செங்கோட்டை